மீன் ஃபாசில் வாங்கும் முன் எந்த மண் என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் விளம்பரப் பக்கத்தில், சேகரிப்பாளர்களுக்காக, சிதையாத ஆதிகால மீன் ஃபாசில் ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. செதிலும் துடுப்பும் தெளிவாகத் தெரிகிறதாம், விலையும் போட்டிருக்கிறார்கள், எங்கே எடுத்தது என்பது மட்டும் இல்லை. முதலில் சொல்ல வேண்டியதே அதுதானே?

அமெரிக்காவில் வயோமிங் பக்கத்து நைட்டியா என்றால் பயமில்லை. சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய சின்ன மீன், ஏராளமாகக் கிடைக்கிறது, தனியார் நிலத்தில் தோண்டி முறையாகவே விற்கிறார்கள். ஆனால் நம் தென்னாப்பிரிக்காவில் ஈஸ்டர்ன் கேப், கரூ பக்கம் எடுத்தது என்றால் தயவுசெய்து தொடாதீர்கள். 1999-ஆம் ஆண்டின் பாரம்பரிய வளச் சட்டப்படி இந்த நாட்டு மண்ணில் கிடைக்கும் ஃபாசில் எல்லாம் அரசுக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் தோண்டவோ விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கிரகாம்ஸ்டவுன், அதாவது இப்போதைய மக்காண்டா, அந்த ஊரை ஒட்டி 1985-இல் நெடுஞ்சாலைக்காக மலையை வெட்டியபோது வாட்டர்லூ ஃபார்ம் என்ற இடத்தில் கருப்பு ஷேல் பாறை, அதாவது சேறு இறுகி ஏடு ஏடாகப் பிரியும் பாறை, வெளியே வந்தது. 36 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கழிமுகம். அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் செத்த மீன் சிதறாமல் அப்படியே பதிந்துவிட்டது. ஃபாசில் ஆய்வாளர் ராபர்ட் கெஸ் அந்தப் பாறையை ஏடு ஏடாகப் பிரித்துப் பார்த்ததில் 30-க்கும் மேற்பட்ட சீலகாந்த் மீன்கள் (எப்போதோ அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த ஆதிகால மீன் இனம்) கிடைத்தன, எல்லாமே சுண்டுவிரல் அளவுக் குஞ்சுகள், வளர்ந்த மீன் ஒன்றுகூட இல்லை! அதை வைத்துத்தான் சீலகாந்த் குஞ்சுகள் கழிமுகத்தில் வளர்ந்தன என்று கண்டுகொண்டார்கள். 2015-இல் செரெனிக்திஸ் என்று பெயரும் வைத்தார்கள். 1938-இல் நம் ஈஸ்ட் லண்டன் அருகே கடலில் வலையில் சிக்கி உலகத்தையே அசத்தியதே, அந்த சீலகாந்தும் இந்த வம்சம்தான். அந்தக் கற்களை ஆளுக்கொன்றாக விற்று வரவேற்பறையில் மாட்டியிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

நம் பிள்ளைகள் இதையெல்லாம் ஆசையாகச் சேர்ப்பது எனக்குச் சந்தோஷம்தான். வாங்குங்கள், ஆனால் நாடு, இடம், எந்தப் பாறை என்று எழுதி வாங்குங்கள். லென்ஸ் வைத்தும் பாருங்கள், உடைந்த துடுப்பை வண்ணம் தீட்டி ஒப்பேற்றுவது இந்த வியாபாரத்தில் சகஜம். சாலை வெட்டிய இடத்தில் நீங்களே ஒன்றைக் கண்டால் பெயர்க்காமல், பக்கத்து மியூசியத்துக்குச் சொல்லுங்கள், சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

அப்புறம் உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: எடுத்த இடம் சொல்லாத ஃபாசில் விளம்பரத்தை இனி போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்