ஆற்றுக் குடிநீரை முறையாக விடவும், விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுக்காதிருக்கவும் வேண்டி மனு

அனுப்புநர்:
கிழக்கு வளவுப் பெண்கள்,
ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ்ப்புறம், நொய்யல் கரை.

பெறுநர்:
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அவர்கள்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இதே குறையைக் கிராம சபையிலும் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வந்தது, தண்ணீர் வரவில்லை. அதனால் மறுபடியும் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

1. எங்கள் ஊர்க் கிணறுகளின் கதை தாங்கள் அறிந்ததே. 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த அணையில் தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே நிலத்துக்குள் இறங்கிய உப்பு இன்னும் போகவில்லை. போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும், நொய்யல் இல்லாமல் வேறு ஆற்றிலிருந்து குழாயில் வரும் ஆற்றுக் குடிநீர் ஒன்றுதான் கதி.

2. அந்த ஆற்றுத் தண்ணீர் எந்த நாளில், எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் நடுச்சாமம் தாண்டித்தான் வருகிறது. கேட்டால் தண்ணீர் விடுகிறவர், "மேல இருந்து வந்தாத்தானுங்க நான் விட முடியும்" என்கிறார். மேட்டு வீடுகளில் மோட்டார் போட்டு உறிஞ்சிவிடுவதால் எங்கள் பொதுக்குழாயில் வேகமே இல்லை. குழாயடியில் இடுப்பளவு குழி தோண்டி வைத்திருக்கிறோம். ஒருத்தி குழிக்குள் இறங்கி, பைப்பை வெட்டிவிட்ட இடத்தில் சொம்பைப் பிடித்து மேலே நீட்ட வேண்டும். இன்னொருத்தி வேட்டித்துணி கட்டிய குடத்தில் ஊற்ற வேண்டும். மழை பெய்தால் சாக்கடை அந்தக் குழிக்குள்தான் இறங்குகிறது. வால்வை மூடியதும் பைப் அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அடுத்த முறை முதலில் வருவதும் அதுதான். மாசமாக இருக்கும் பெண்களும் இந்தக் குழியில் இறங்குகிறார்கள் அய்யா. விடிய விடிய கண் விழித்துவிட்டு எட்டரைக்குப் பனியன் கம்பெனி வேனைத் தவறவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. தண்ணீர் வந்த மறுநாள் எங்கள் வளவில் எத்தனை பேர் வேலைக்குப் போகவில்லை என்று வந்து எண்ணிப் பாருங்கள்.

3. எங்களுக்கு இல்லாத தண்ணீர் லாரிக்கு மட்டும் இருக்கிறது. ஊருக்கு மேல்புறம் தோட்டத்தில் தனியார் போட்ட ஆழ்துளைக் கிணற்றிலிருந்து டேங்கர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அதையே சுத்திகரித்துக் கேனில் அடைத்து எங்களிடமே விற்கிறார்கள். எங்கள் நிலத்தடித் தண்ணீரை எங்களுக்கே விலைக்கு விற்க அனுமதி கொடுத்தது யார்? இதற்காவது எழுத்தில் பதில் வேண்டும்.

4. இப்போது, பராமரிப்பு முழுவதையும் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் விட்டு மீட்டர் வைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. தனியார் பங்களிப்பு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 2006-ல் திருப்பூருக்குப் பவானி ஆற்றுத் தண்ணீர் அப்படித்தான் வந்தது, சாயத்தொழிலுக்கும் நகருக்குமாக நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் என்ற திட்டம். கோவையிலும் 2018-ல் 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். காசு கொடுக்கும் தொழிற்சாலைக்கு அந்த ஏற்பாடு சரியாக இருக்கலாம், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. குழியில் இறங்கித் தண்ணீர் பிடிக்கும் எங்களுக்கு மீட்டர் எதற்கு? காற்று வந்தாலும் ஓடுகிற மீட்டருக்கு யார் பணம் கட்டுவது? வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் நாங்கள் பாக்கி வைத்ததில்லை, ரசீது இருக்கிறது. இன்றைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தங்கள் அலுவலகத்துக்கு வந்து நிற்கிறோம், நாளைக்குக் கம்பெனிக்காரனை எங்கே போய்த் தேடுவது?

5. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று, வீட்டுக்கு வீடு குழாய் போடும் ஜல் ஜீவன் திட்டத்தில் சொல்லியிருக்கிறது. குழாயும் நட்டுவிட்டுப் போனார்கள். பல வீட்டில் அதில் மாடு கட்டியிருக்கிறது.

6. வால்வு திறக்கும் நாளையும் மணியையும் பலகையில் எழுதி வைக்கவும். பகலில் விடவும். மேட்டு மோட்டார்களைப் பறிமுதல் செய்யவும். குழியை மூடி, குழாயைத் தரைக்கு மேல் கொண்டுவரவும். டேங்கருக்குத் தண்ணீர் எடுக்கும் போர்வெல்களை ஆய்வு செய்யவும். கிராம சபையில் எங்களைக் கேட்காமல் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

அய்யா, தயவு செய்து ஒரு ராத்திரி தண்ணீர் விடும் நேரத்தில் நேரில் வரவும். பகலில் வந்து காலிக்குழாயைப் போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டாம். எங்களுக்கு ஆற்றுக் குடிநீர் முறையாகக் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிழக்கு வளவுப் பெண்கள்

(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கம். முந்தைய ஒப்புகைச் சீட்டுகளின் நகல் இணைத்துள்ளோம்.)