ஓயாமல் கோளாறு தரும் கார்: வழக்கு ஜாப் கார்டில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுக் கார் வாங்கிய ஆறே மாதத்தில் நாலைந்து முறை சர்வீஸ் சென்டருக்கு அலைந்தவர்கள் முதலில் கேட்பது, ‘வேறு கார் கொடு என்று சொல்லச் சட்டம் இருக்கிறதா?’ என்பதுதான். அமெரிக்காவில் 1982-ல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கிவைத்த ‘லெமன் சட்டம்’ போல, இத்தனை முறை பழுதுபார்த்தும் தீராவிட்டால் நிறுவனம் காரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணிக்கை வைத்துச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறையை நீக்கித் தர, புதிய பொருள் மாற்றித் தர, பணத்தை வட்டியோடு திருப்பித் தர, இழப்பீடு கொடுக்க உத்தரவிட அதன் 39-ஆவது பிரிவு நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அந்த அதிகாரத்தைக் கேட்டு வாங்கத் தேவையான ஆதாரத்தைப் பலர் சர்வீஸ் கவுன்டரிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்ன குறையை எழுத ஓர் இடம் உண்டு. ‘காலையில் முதல் கியரில் எடுக்கும்போது வண்டி உதறுகிறது’ என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். சர்வீஸ் அட்வைசர் ‘ஜெனரல் செக்கப்’ என்று தட்டியிருப்பார். ஐந்து முறை போயும் ஐந்து கார்டிலும் அப்படியே இருந்தால், ஆணையத்தின் பார்வையில் அவை ஐந்து வழக்கமான சர்வீஸ்கள், அவ்வளவே. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். ஒரே குறை என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில் எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டர், வண்டி விட்ட தேதி, எடுத்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். மாற்றிய பாகத்துக்கு, வாரண்டியில் பூஜ்யம் ரூபாய் பில் என்றாலும், பார்ட் நம்பரோடு பில் கேட்டு வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது ‘பணி திருப்தி’ என்று ஒரு கையெழுத்துக் கேட்பார்கள். ‘ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்’ என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போடலாம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் திருப்திச் சீட்டைத்தான்.

எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று வண்டியைக் கொண்டு போனால் ஸ்கேனரைச் செருகிப் பிழைக் குறியீட்டைப் படித்துவிட்டு அழித்துவிடுவார்கள். விளக்கு அணைந்துவிடும். கூடவே, குறை தோன்றிய நேரத்தில் எஞ்சின் சூடு, வேகம், ஆர்பிஎம் எவ்வளவு என்று பதிந்திருந்த விவரமும் போய்விடும். அழிக்கும் முன் அச்சுப் பிரதி கேளுங்கள். இல்லையென்றால் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டீசல் கார்களின் டிபிஎஃப் வடிகட்டித் தகராறே நல்ல சான்று. 2020 ஏப்ரல் முதல் டீசல் கார்களின் புகைப்பாதையில் கரித்துகளைப் பிடிக்கும் இந்த வடிகட்டி வருகிறது. சேர்ந்த கரியை அது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் தானே எரித்துவிட வேண்டும். அதற்கு வண்டி நிற்காமல் சற்று நேரம் வேகமாக ஓட வேண்டும். தினமும் மூன்று கிலோமீட்டர் நெரிசலில் ஓடும் காரில் எரிப்பு பாதியில் நின்று, கரி சேர்ந்து, விளக்கு எரியும். எரிக்கவென்று தெளித்த டீசலில் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும். இதை நிறுவனம் ‘ஓட்டும் விதம்’ என்று சொன்னால் பெரும்பாலும் அது சரிதான். ஆனால் வாரந்தோறும் நெடுஞ்சாலையில் ஓடும் காரிலும் அதே விளக்கு திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. வடிகட்டியின் அழுத்த வேறுபாட்டு சென்சார், அதன் குழாய்கள், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு, ஒழுகும் இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது, கடைசி எரிப்பு எத்தனை கிலோமீட்டருக்கு முன் முழுமையானது என்ற பதிவுதான். அதை எடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு பிரமாணப் பத்திரத்தில் பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை.

அடுத்தது நிபுணர் அறிக்கை. கார் வழக்குகள் அதிகம் தோற்பது இங்கேதான். சோதனை இல்லாமல் நிறுவ முடியாத குறை என்றால், பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை பெறலாம் என்று 38-ஆவது பிரிவு சொல்கிறது. உற்பத்திக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவர் மீது இருப்பதால், புகார் மனுவோடு சேர்த்தே இதற்கும் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துப் போட்டால், ‘இடையில் 30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறதே’ என்று கேட்பார்கள். சில நேரம் மோட்டார் வாகன ஆய்வாளரை அனுப்புகிறார்கள். அவர் பார்த்துச் சொல்வது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்பதை. கியர் பாக்ஸ் வடிவமைப்பில் பிழையா என்பது வேறு கேள்வி. அரசுப் பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறை, ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையம் போன்றவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நிபுணருக்கான கேள்விகளையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘வண்டியைப் பரிசோதித்து அறிக்கை தருக’ என்ற பொது உத்தரவுக்கு ‘வண்டி ஓடும் நிலையில் உள்ளது’ என்ற பொது அறிக்கைதான் வரும். ஆய்வுக் கட்டணத்தை முதலில் மனுதாரரே கட்ட வேண்டியிருக்கும்.

எதைக் கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். கிளட்ச் கோளாறு பற்றிய மாருதி உத்யோக் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித் தரவே உறுதி சொல்கிறது, காரையே மாற்றச் சொல்ல முடியாது என்றது. நிறுவனங்கள் இதை மேற்கோள் காட்டாத பதில் மனு அபூர்வம். ஃபியட் இந்தியா வழக்கிலோ அதே நீதிமன்றம், சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் உள்ளார்ந்த உற்பத்திக் குறைபாடு என்று சொன்னால் காரின் விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக, நிபுணர் அறிக்கை இல்லாதவர் முதல் தீர்ப்பில் மாட்டுகிறார். இருப்பவர் இரண்டாவதைக் காட்ட முடிகிறது. கோரிக்கையை அடுக்கி எழுதுங்கள்: மாற்றுக் கார், அது இல்லையென்றால் வட்டியோடு பணம், அதுவும் இல்லையென்றால் எஞ்சின் அல்லது கியர் பாக்ஸை முழுதாக மாற்றி, நீட்டித்த வாரண்டியும் இழப்பீடும். நடைமுறையில் அதிகம் கிடைப்பது மூன்றாவதுதான்.

உற்பத்தியாளர், விற்ற டீலர், பழுதுபார்த்த டீலர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். டீலர் ‘ஃபேக்டரி குறை’ என்பார். நிறுவனம் ‘டீலர் எங்கள் ஏஜென்ட் அல்ல’ என்னும். டீலர் செய்த தவறுக்கு, அது நிறுவனத்துக்குத் தெரிந்து நடந்தது என்று காட்டாமல் நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நடைமுறை கடினமல்ல. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். கணக்கு காரின் விலைக்குத்தான், கேட்கும் இழப்பீட்டுக்கு அல்ல. 12 லட்சம் ரூபாய் காருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் 400 ரூபாய். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, ஆன்லைனிலும், தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும் கட்டத்தில் ஒருவர் இருப்பது நல்லது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதும் கம்பெனிக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருப்பதும் அந்தக் கெடுவை நீட்டிக்காது. பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம்.

வழக்கு நடக்கும்போது செய்யக்கூடாதவை சில. கோபத்தில் தவணையை நிறுத்தினால் வங்கி வண்டியைத் தூக்கிவிடும். வழக்கின் முக்கிய ஆதாரமே கையைவிட்டுப் போகும். காரை விற்றுவிட்டவரை நுகர்வோராகக் கருத முடியாது என்று தேசிய ஆணையம் சொன்ன தீர்ப்புகள் உண்டு. வெளிக்கடையில் ஒயரை வெட்டி எல்இடி விளக்கோ மியூசிக் சிஸ்டமோ மாட்டியிருந்தால், மின்கோளாறு எல்லாவற்றுக்கும் அதைத்தான் காரணம் காட்டுவார்கள். இன்னொன்று: புதிய சட்டத்தின் ‘பொருள் பொறுப்பு’ அத்தியாயத்தைச் சிலர் மனுவில் தாராளமாக எழுதுகிறார்கள். அது காரால் உடலுக்கோ வேறு சொத்துக்கோ ஏற்பட்ட சேதத்துக்கானது. காருக்கே நேர்ந்த சேதம் அதில் வராது. பிரேக் பிடிக்காமல் காயம்பட்டவருக்கு அது கைகொடுக்கும், உதறும் கிளட்சுக்கு அல்ல.

டாக்ஸி ஓட்டுபவர்கள் ‘வணிக நோக்கம்’ என்ற வாதத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஒரு வண்டி சட்டத்துக்குள் வரும். பத்து வண்டி வைத்து நடத்துபவர் நிலை வேறு. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு ஒரு கம்பெனி வாங்கிய காரும் நுகர்வோர் வழக்குக்கு உரியதே என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் மெர்சிடிஸ் கார் வழக்கில் சொன்னது.

குறை பாதுகாப்பு சார்ந்தது என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவும் இருக்கிறது. ஒரே மாடலில் குறிப்பிட்ட விகித உரிமையாளர்கள் புகார் செய்தால், அந்த வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசு உத்தரவிடலாம். புகார் எண்ணிக்கை சேர்வது இதற்கு ஒரு முக்கிய வழி என்பதால், வாட்ஸ்அப் குழுவில் புலம்பும் உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல், வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. நம் சட்டத்திலும் இந்த ஒரு வரி வந்தால் நிபுணர் கட்டணம், காத்திருப்பு இரண்டின் சுமையும் இடம் மாறும். அதற்கு நாடாளுமன்றம் வேண்டும். ஆனால் மாவட்டந்தோறும் வாகன நிபுணர் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொரு வகைச் சோதனைக்கும் கட்டணத்தை நிர்ணயித்து, ஆணைய அலுவலகப் பலகையில் ஒட்ட எந்தத் திருத்தமும் தேவையில்லை. தமிழக அரசின் நுகர்வோர் பாதுகாப்புத் துறையும் மாநில ஆணையமும் இதை இந்த ஆண்டே செய்யலாம்.

இப்படிக்கு,
வாகன ஆய்வுப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.