தொட்டி காலியாக இருக்கும் நாள்கள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து பத்து நாள்களாகின்றன. அம்மா இல்லாமல் வருகிற முதல் கிறிஸ்துமஸ் என்று நீ எழுதியிருந்த வரியைப் படிப்பதும், என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் கடிதத்தை மடித்து வைப்பதுமாகவே அந்த நாள்கள் கழிந்தன. இன்று பிள்ளைகள் உறங்கப் போய்விட்டார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்துக்கான வளையத்தில் இரண்டாம் மெழுகுதிரியை அணைத்த வாசனை கூடத்தில் இன்னும் இருக்கிறது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாய். துக்கம் நடந்த வீட்டில் இந்த ஆண்டு விழா கொண்டாடலாமா என்பது ஒன்று. கொண்டாடினாலும், டிசம்பர் என்றால் பரிசும் புத்தாடையும் விடுமுறையும்தான் என்று பழகிவிட்ட பிள்ளைகளுக்கு, இவை அனைத்துக்கும் நடுவில் இயேசு பாலன் இருக்கிறார் என்பதை எப்படி உணர்த்துவது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில் நான் தவறு செய்து கற்றுக்கொண்டவள்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலை நான் ஒருத்தியாகவே கட்டினேன். பிள்ளைகள் கைவைத்தால் ஒழுங்காக வராது என்று, அவர்கள் உறங்கிய பிறகு நள்ளிரவு வரை விழித்திருந்து, விளக்குகளையும் வைக்கோலையும் அளவு பார்த்து வைத்து முடித்தேன். மறுநாள் காலை இளையவன் ஓர் இடையர் சுரூபத்தை, அந்தச் சிறு சிலையை, எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போயிருக்கிறான், அவருக்கு வெளியே வானத்தைக் காட்ட வேண்டுமாம். சுரூபம் நழுவி விழுந்து வலது கை முழங்கையோடு உடைந்துபோனது. நான் கத்திய கத்தலை இங்கே எழுத விரும்பவில்லை. அவன் அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து குடிலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தான். மூன்றாம் நாள்தான் அதை நான் கவனித்தேன். யாரும் மதிக்காத இடையர்களைத்தான் கடவுள் முதலில் அழைத்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் வீட்டிலேயே ஓர் ஆறு வயதுக் குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிய பொருளைக் கடப்பதுபோல மீட்பரின் தொட்டிலைக் கடந்து போய்க்கொண்டிருந்தான்.

அந்த ஆண்டு முழுவதும் அது என் மனத்தை அரித்தது. 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் இயேசு பிறந்த இரவைக் காட்சியாக அமைத்தபோது, அங்கே இருந்தவை உண்மையான வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தான். ஊரார் மெழுகுதிரிகளும் தீவட்டிகளும் ஏந்திக்கொண்டு வந்து அதைச் சுற்றி நின்றார்கள். குளிரில், வைக்கோல்மேல் கிடந்த பாலனின் வறுமையைத் தம் கண்களாலேயே பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் புனிதரின் ஆசை. அதன் வழிவந்த குடிலை நான் விருந்தினர் பார்த்துப் பாராட்டுவதற்கான அலங்காரமாக்கி வைத்திருந்தேன். பிள்ளைகளின் நம்பிக்கையைக் கடைகளும் விளம்பரங்களும் பறித்துக்கொள்கின்றன என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் வீட்டில் அதைப் பறித்தது என்னுடைய அவசரமும், எல்லாம் அழகாக இருந்தாக வேண்டும் என்ற என் பிடிவாதமும்தான்.

ஆகவே இந்த ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று சுரூபங்கள் இருந்த பெட்டியைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். நான் கேட்டுக்கொண்டவை இரண்டுதான். 24ஆம் தேதி இரவு வரை தீவனத்தொட்டி காலியாக இருக்க வேண்டும்; பாலனைத் தேடி வரும் கீழ்த்திசை ஞானிகள் இப்போதே குடிலுக்குள் வந்துவிடக் கூடாது, தொலைவிலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக நடந்து வர வேண்டும். இப்போது அவர்கள் புத்தக அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறார்கள்.

மூத்தவளுக்குப் பதினான்கு வயதாகிறது. இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்ற முகத்தோடுதான் வந்து உட்கார்ந்தாள். யார் யாரை எங்கே வைப்பது என்று தம்பி கேட்டதற்காக நற்செய்தியைத் திறந்தவள், அதற்குப் பிறகு அரைமணி நேரம் அதை மூடவில்லை. லூக்காவின் 2ஆம் அதிகாரத்தில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. இடமில்லை என்று விரட்டிய விடுதிக்காரர் என்று ஒருவரும் இல்லை. மத்தேயு ஞானிகள் எத்தனை பேர் என்று சொல்லவே இல்லை. அவர்கள் வந்து சேர்ந்ததும் ஒரு வீட்டுக்கு. இவற்றையெல்லாம் அவளே கண்டுபிடித்துவிட்டு, “அப்படியென்றால் வேறு எதெல்லாம் இதில் இல்லை, அம்மா?” என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், ஒரு கணம் எனக்கு அச்சமாகத்தான் இருந்தது. பிறகு, உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். மாடும் கழுதையும் பழைய ஏற்பாட்டில் எசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து குடிலுக்கு வந்தவை என்பதைச் சேர்ந்து தேடிக் கண்டோம். தன் உரிமையாளரை மாடும் தன் தலைவரின் தொட்டியைக் கழுதையும் அறிந்திருக்க, மக்கள் மட்டும் அறியவில்லை என்று அங்கே இறைவாக்கினர் வருந்துகிறார். இரண்டு ஆண்டுகளாக நம்பிக்கையைப் பற்றி என்னோடு பேசாதிருந்த பெண் அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். உன் மகனும் இதே வயதில், கோவிலுக்கு வர முகம் சுளிக்கிறான் என்று எழுதியிருந்தாய். அவனை அதட்டி அழைத்துப் போவதைவிட, அவனுடைய கேள்விகளுக்கு அஞ்சாமல் அவனோடு உட்கார்ந்து அதே பக்கங்களைப் படிப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

இளையவன் வேறொன்று செய்தான். காலியாக வைத்த தொட்டியின்மேல் தன் கைக்குட்டையை நான்காக மடித்துப் போட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். “பாலன் வரும்போது உள்ளே தூசியாக இருக்கக் கூடாது” என்றான். தினமும் காலையில் அதை எடுத்து உதறி மறுபடியும் போடுகிறான். தீவனத்தொட்டி என்ற சொல் லூக்காவின் அந்த ஓர் அதிகாரத்தில் மூன்று இடங்களில் வருகிறது; இடையர்களுக்கு வானதூதர் கொடுத்த அடையாளமே, துணிகளில் சுற்றித் தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தைதான். எத்தனையோ ஆண்டுகளாகப் படித்த வரி அது. ஒரு குழந்தை கைக்குட்டையை உதறுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

நீ வற்புறுத்திக் கேட்டதால் சொல்கிறேன்: நான் இப்போது நம்புவது காத்திருப்பை. திருச்சபை நமக்கு நான்கு ஞாயிறுகளைத் தந்திருக்கிறது. ஆண்டைப் பொறுத்து 22 முதல் 28 நாள்கள் வரை. அந்த நாள்களைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டு, விழாவை நவம்பரிலேயே தொடங்கிவிட்டால், 25ஆம் தேதி காலையில் அவர்களுக்குப் பெட்டிகளைப் பிரிப்பதைத் தவிர வேறு என்ன மிச்சம் இருக்கும்? இந்த மெழுகுதிரி வளையம் பிறந்ததே குழந்தைகளின் பொறுமையின்மையிலிருந்துதான் என்கிறார்கள். 1839இல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிச் விகேர்ன் என்ற லூத்தரன் இறையியலாளரிடம், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில், ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு பெரிய மெழுகுதிரிகளையும், மற்ற நாள்களுக்குச் சிறிய மெழுகுதிரிகளையும் பொருத்தி வைத்தாராம். விடையை வாயால் சொல்லாமல், நாளுக்கு ஒரு சுடராக அவர்களையே எண்ண வைத்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது.

எங்கள் வீட்டில் இரவு உணவுக்குப் பிறகு கால்மணி நேரம். கைப்பேசிகள் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். முதலில் போவது என்னுடையது, அதுதான் கடினமாகவும் இருக்கிறது. திரியை ஏற்றி, லூக்கா நற்செய்தியில் கொஞ்சம் படிக்கிறோம். அதில் 24 அதிகாரங்கள் இருப்பதால் டிசம்பர் முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஒன்றாகப் படித்து விழாவுக்கு முந்தைய நாள் முடிக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. இளையவனால் ஓர் அதிகாரம் முழுவதும் உட்கார முடியாது என்பதால், மூத்தவள் அதிலிருந்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கிறாள். பிறகு ஒவ்வொருவரும் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று ஒரு பெயர் சொல்கிறோம். சில இரவுகளில் சண்டையிலேயே முடிந்திருக்கிறது. சென்ற வியாழன் நான் களைப்பில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிட்டேன். அதனாலெல்லாம் இதை விட்டுவிட வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பரிசுகளை இந்த ஆண்டு அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பரிசு பெறுவதில் பிள்ளைகளுக்கு இருக்கும் மகிழ்ச்சி கெட்டது அன்று. அது கொடுப்பவர் பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாசின் கதையை அவருடைய விழாவான டிசம்பர் 6 அன்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். திருமணத்துக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் யாரும் அறியாமல் அவர் பொன்முடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனதாக மரபு. அவர் பெயரிலிருந்துதான் இன்றைய கிறிஸ்துமஸ் தாத்தாவே வந்தார் என்றதும் இளையவனுக்கு ஒரே வியப்பு. அன்றிலிருந்து அவனும் அக்காவும், செய்தது யார் என்று தெரியாமல் வீட்டில் ஒருவருக்கு ஒருவர் நல்லது செய்து வருகிறார்கள். நேற்று என் காலணிகள் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. யார் என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 26ஆம் தேதி எல்லாவற்றையும் எடுத்து மூட்டை கட்டிவிடாதே. திருச்சபைக்கு விழாக்காலம் 25ஆம் தேதிதான் தொடங்குகிறது. எங்கள் ஞானிகள் ஜனவரி 6 அன்றுதான் வந்து சேருவார்கள்.

இனி உன் முதல் கேள்வி. துக்க வீட்டில் கொண்டாடலாமா என்று நீ கேட்டபோது, வண்ண விளக்குகளும் கரோல் பாடல்களும்தான் உன் கண்முன் நின்றன என்று நினைக்கிறேன். ஆனால் நற்செய்தியில் உள்ள கிறிஸ்துமஸ் எப்படிப்பட்டது என்று பார். தங்க இடமில்லாத பிரசவம், இரவோடு இரவாக எகிப்துக்கு ஓட்டம், பெத்லகேமில் ஏரோது மன்னனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் அழுகை. அந்தக் குழந்தைகளுக்கென்று விழா முடிந்த மூன்றாம் நாளான 28ஆம் தேதியைத் திருச்சபை ஒதுக்கி வைத்திருக்கிறது. பாலனைக் கையில் ஏந்திய சிமியோன், அன்னை மரியாவிடம் அவருடைய உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று அப்போதே சொல்லிவிடுகிறார். அழுகைக்கு இடமில்லாத விழா அல்ல இது. உன் பிள்ளைகள் பாட்டியை நினைத்து அழுதால், விழா நாளில் அழக் கூடாது என்று யாரும் அவர்களை அடக்க விடாதே.

அவர்களுக்கு அன்னாவின் கதையைப் படித்துக் காட்டு. மணமாகி ஏழே ஆண்டுகளில் கணவரை இழந்து, 84 வயது வரை கைம்பெண்ணாகவே இருந்து, கோவிலை விட்டு நீங்காமல் நோன்பிலும் செபத்திலும் காலம் கழித்தவர் அவர். பாலனைக் கண்டதும் கடவுளைப் புகழ்ந்து, மீட்புக்காகக் காத்திருந்த எல்லோரிடமும் அவரைப் பற்றிப் பேசினார் என்று லூக்கா எழுதுகிறார். குழந்தை பிறந்த கதையில் ஒரு முதியவளுக்கு எவ்வளவு பெரிய இடம் என்று பார். அம்மாவை நினைக்காமல் என்னால் அந்த வரிகளைப் படிக்க முடியவில்லை.

கல்லூரிக் காலத்தில் உங்கள் வீட்டில் நான் தங்கியிருந்த அந்த ஒரே கிறிஸ்துமஸ் இரவு உனக்கு நினைவிருக்கும். நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்த் திரும்பியதும், யாரையும் உறங்க விடாமல் குடிலுக்கு முன் முழந்தாளிடச் செய்து, பாலனின் சுரூபத்தைத் தம் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்து அம்மாதான் தொட்டியில் கிடத்தினார். இந்த ஆண்டு அதை யார் செய்வது என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் உன் கடிதம் முழுவதும் அந்தக் கேள்விதான் இருந்தது. உன் சின்னவளிடம் கொடு. பெரியவர்களின் கைகளில் அம்மா இல்லாதது மட்டுமே தெரியும். அவள் கையிலோ அம்மா கற்றுக்கொடுத்தது தெரியும்.

கை உடைந்த அந்த இடையரை நான் பசையிட்டு ஒட்டி வைத்திருந்தேன். முழங்கையைச் சுற்றி ஒட்டிய கோடு வெளிப்படையாகவே தெரிகிறது. இந்த முறை அவரைப் பின்வரிசையில் நிறுத்துவான் என்று எதிர்பார்த்தேன். இளையவன் அவரைத் தொட்டிக்கு மிக அருகில், மாட்டுக்கும் முன்னால் நிறுத்தியிருக்கிறான். இப்போது குடிலுக்கு முன்னால் அவன் கைகளைக் கட்டிக்கொள்வதில்லை.

பாலனைக் கிடத்தும்போது அம்மா ஒரு சிறு செபம் சொன்னார் அல்லவா? அதன் முதல் இரண்டு வரிகள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன. மீதியை எத்தனை முயன்றும் எட்ட முடியவில்லை. சின்னவளுக்கு அது முழுவதும் தெரிந்திருக்கும், ஆண்டுதோறும் பாட்டியின் பக்கத்தில் முழந்தாளிட்டவள் அவள்தானே. அவளிடம் கேட்டு, 24ஆம் தேதிக்கு முன்னால் எனக்கு எழுதி அனுப்பு. எங்கள் வீட்டிலும் அன்று இரவு அதைச் சொல்ல வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் தோழி