மர ப்ரொப்பெல்லரைப் பனிக்காலம் முடிந்ததும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வீட்டிலேயே விமானம் கட்டுபவர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் மர ப்ரொப்பெல்லர் (விமானத்தை இழுத்துச் செல்லும் சுழலி) பராமரிப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. விஸ்கான்சினில் நான் கட்டிய இருவர் விமானம் போன மார்ச்சில் தரையிலேயே அதிர்ந்தது. அதன் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினுக்கு இரண்டு கார்புரேட்டர். அவை சமமாக இல்லை என்று நினைத்து ஒரு வாரம் அதையே சரிசெய்தேன். அப்புறம்தான் ப்ரொப்பெல்லரை இன்ஜினோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தொட்டேன். ஆறுமே தளர்ந்திருந்தன! பனிக்கால வறண்ட காற்றில் மரம் சுருங்கிவிட்டது. அப்படியே பறந்திருந்தால் உரசிய மரம் கருகி, போல்ட் முறிந்திருக்கும்.

பருவம் மாறும்போதெல்லாம் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, அந்த போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பிறகு இக்னிஷனை அணைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ப்ரொப்பெல்லர் நுனியருகே ஒரு ஸ்டூலை வைத்து, ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு நுனிகளும் ஸ்டூலை ஒரே இடத்தில் கடக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால், தயவுசெய்து பறக்காதீர்கள்.

– ஒரு வாசகர், விஸ்கான்சின், அமெரிக்கா