உங்கள் குட்டியும் எங்கள் குட்டியும்: பன்றித் தடுப்பூசி ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். பன்றிப் பண்ணைகளுக்குப் போய்வரும் கால்நடை மருத்துவர் நான். பன்றிக்குட்டிகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் பாக்டீரியாவுக்கு எதிரான புரதத் தடுப்பூசிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். கட்டுரை கையில் கிடைத்தால் முடிவை விட்டுவிட்டு, சோதனை முறையைத்தான் முதலில் பார்ப்பேன். எனக்கு மனத்தாங்கல் வருவதும் அங்கேதான்.

பால் மறந்து இரண்டு வாரமான ஒரு குட்டி. காலையில் தீனித் தொட்டிக்கு வராமல், தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி மூலையில் நிற்கிறது. மதியத்துக்குள் பக்கவாட்டில் விழுந்து, நீந்துவதுபோல நான்கு காலையும் அடித்துக்கொள்கிறது. கண்மணி இடமும் வலமுமாகத் துடிக்கிறது. கூடப் பிறந்தவை அதை மிதித்துக்கொண்டு ஓடுகின்றன. உடனே பென்சிலின் போட்டால் சில பிழைக்கும். அந்தக் கொட்டகையில் டான்சிலில் இந்தக் கிருமி இல்லாத குட்டி அநேகமாக ஒன்றுகூட இருக்காது. எல்லாம் சுமக்கின்றன, சில விழுகின்றன.

கிருமியைக் கொன்று செய்யும் பழைய பாணித் தடுப்பூசி, பெரும்பாலும் அதே வகைக் கிருமியைத்தான் தடுக்கிறது. சீரம் வகைகள் எனப்படும் அதன் உட்பிரிவுகளோ 29. அவற்றில் முக்கியமான சிலவற்றின் வெளியே இருக்கும் சர்க்கரை உறையில் பன்றியின் உடம்பிலேயே உள்ள சியாலிக் அமிலம் இருப்பதால், உடம்பு அதை அந்நியமாகப் பார்ப்பதே குறைவு. எல்லா வகைக்கும் பொதுவான புரதம் ஒன்றைத் தேடும் உங்கள் வழி சரி என்றே நானும் நினைக்கிறேன். தேடிப் பிடித்ததைச் சோதிக்கும் விதத்தில்தான் வழக்கு.

சாவோ என்ற மேற்பரப்புப் புரதத்தின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கும் எண்ணெய்க் குழம்பு ஊக்கியோடு பன்றிக்குப் போட்டபோது, கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி ஏறியது, பாதுகாப்பு வரவில்லை. அதே புரதத்தைக் குயில் ஏ என்ற மரப்பட்டைச் சபோனின் ஊக்கியோடு சேர்த்துப் போட்டபோது வேறு வகை ஆன்டிபாடி வந்தது. ரத்த வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கின, குட்டிகளும் தாக்குப்பிடித்தன. இவ்வளவுக்குப் பிறகும் ஆன்டிபாடியை அளக்கும் எலைசா சோதனையின் எண் ஏறியதை மட்டும் காட்டி 'நம்பிக்கை தரும் முடிவு' என்று எழுதுபவர்களை என்ன சொல்ல? அந்தக் குட்டியின் ரத்தத்தில் கிருமியை விட்டு, அது செத்ததா பெருகியதா என்று பாருங்கள்.

சுண்டெலியில் காப்பாற்றியது என்ற செய்தியும் எனக்குப் பாதிச் செய்திதான். இந்தக் கிருமி வைத்திருக்கும் ஒரு நொதி பன்றியின் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடியை மட்டுமே வெட்டும். அந்த நொதியையே தடுப்பூசியாக்கிப் பன்றிக்குப் போட்டவர்கள் நல்ல பலன் கண்டார்கள். எலியோடு நின்றிருந்தால் அந்த நொதி பன்றிக்குள் என்ன செய்கிறது என்பதே பிடிபட்டிருக்காது.

இனி சீம்பாலுக்கு வருகிறேன். பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக ஆன்டிபாடி குட்டிக்குப் போவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் வருவதுதான் எல்லாம். அது வாரக்கணக்கில் தேய்ந்துகொண்டே வந்து, பால் மறக்கடித்து, வேற்றுக் குட்டிகளோடு கலந்து விடும் சமயத்தில் தீர்ந்துபோகிறது. 5 முதல் 10 வாரத்தில் நோய் குவிவதற்கு அதுவும் ஒரு காரணம். சீக்கிரம் ஊசி போட்டால் தாயின் ஆன்டிபாடி குறுக்கே நிற்கும், தாமதித்தால் நோய் முந்திக்கொள்ளும். எங்கள் தலைவலி முழுக்க இந்தச் சில வாரங்கள்தான். நீங்களோ தாயிடமிருந்து அந்த ஆன்டிபாடி வராத குட்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஒப்பீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. முதல் சோதனைக்கு அது போதும். இரண்டாவது சோதனைக்காவது எங்கள் குட்டி மாதிரி ஒன்றை எடுங்கள்.

தடுப்பூசிப் புரதம் எந்தக் கிருமியிலிருந்து வந்ததோ அதையே ஏற்றிப் பார்ப்பதும் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைப்பது போலத்தான். இந்தக் கிருமிகளில் சில சுரக்கும் சூயிலைசின் நச்சை நம்பிய தடுப்பூசி, அந்த நச்சே இல்லாத கிருமிகளிடம் என்ன செய்யும்? வட அமெரிக்காவில் அப்படிப்பட்டவை நிறைய.

இது பன்றியோடு முடிகிற நோயும் அல்ல. 2005இல் சீனாவின் சிச்சுவானில் 215 பேருக்கு வந்து 38 பேர் இறந்தார்கள். மூளைக்காய்ச்சலிலிருந்து தப்பியவர்களில் பலருக்குக் காது போய்விடுகிறது. பண்ணையில் குட்டியைத் தூக்குபவரும், வெட்டும் இடத்தில் கையில் கீறல் பட்டவரும் உங்கள் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள்தான்.

தோற்ற புரதங்களையும் வெளியிடுங்கள். ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் மறுபடி தொடங்கும்போது மறுபடியும் குட்டிகள்தான் சாகின்றன. குட்டி நீந்தத் தொடங்கும் வரை காத்திருக்காமல், நோய் உறுதியானதும் கருணைக்கொலை செய்வதையும் முறையில் எழுதுங்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த கட்டுரையில், ஊசி போட்ட அன்று ஒவ்வொரு குட்டிக்கும் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி எவ்வளவு இருந்தது, எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று ஒரு அட்டவணை போடுங்கள். முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பன்றி மருத்துவர்