கோயில் டைமர் விஷயமாக

சுங்கை சிப்புட்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மதியத்துக்கு மேல் இடி, மழை, உடனே கரண்டு போய்விடும். தோட்டத்துக் கோயிலின் பழைய டைமர் நேரத்தை மறந்து நடுராத்திரியில் பக்திப் பாட்டுப் போட, லயத்துச் சனம் கமிட்டியைப் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

உன் ஊர்க் கோயிலுக்கும் இப்படி ஒரு டைமர் செய்வதென்றால், நேரம் காட்டும் கடிகாரச் சிப்பில் டிஎஸ்1307 வேண்டாம், டிஎஸ்3231 வாங்கு. இரண்டும் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தை வைத்துத்தான் நேரம் எண்ணுகின்றன. அந்தப் படிகம் 25 டிகிரியை ஒட்டி ஒழுங்காக ஓடும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகிவிடும். தகரக் கூரைக்கடியில் 45 டிகிரி வந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு நொடி பின்தங்கும். 3231 தானே 64 நொடிக்கு ஒரு முறை சூட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். வருடத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் பிசகினால் அதிகம்.

முக்கியமான சங்கதி, கரண்டு போனாலும் கடிகாரத்தை ஓட்டும் பேட்டரிதான். 3231 பொருத்தி மலிவாகக் கிடைக்கும் நீலப் பலகையில் இசட்எஸ்-042 என்று போட்டிருக்கும். அதில் 5 வோல்ட்டிலிருந்து 200 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), ஒரு டயோடு (கரண்டை ஒரே பக்கம் விடுவது) வழியாகப் பட்டன் பேட்டரிக்குச் சார்ஜ் போகிறது. போதும் என்று நிறுத்த எதுவும் கிடையாது. டயோடு 0.6 வோல்ட் பிடித்துக்கொண்டாலும் பேட்டரி 4.4 வரை ஏறிவிடும். சார்ஜ் ஏற்றும் ரகமான எல்ஐஆர்2032-க்கே 4.2தான் எல்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிஆர்2032-க்குச் சார்ஜே ஏற்றக் கூடாது. அளவில் இரண்டும் ஒன்று, யார் கவனிக்கிறார்கள்? பக்கத்துத் தோட்டத்துப் பையன் கொண்டுவந்த பலகையில் பேட்டரி வயிறு உப்பி, பிடித்திருந்த தகட்டையே தூக்கியிருந்தது.

அதனால் 201 என்று எழுதிய பொடி ரெசிஸ்டரைச் சூடுகாட்டி எடுத்துவிடு. சார்ஜ் வழி மட்டும் அறுந்துபோகும். பேட்டரி சிப்புக்குக் கொடுப்பது நிற்காது. பிறகு தைரியமாக சிஆர்2032 போடலாம், வருடக்கணக்கில் தாங்கும். 3.3 வோல்ட்டில் ஓட்டினால் டயோடைத் தாண்டி 2.7தான் வரும், 3 வோல்ட் பேட்டரிக்குள் ஏறாது. ஆனாலும் எடுத்துவிடு. நாளைக்கு யாராவது 5 வோல்ட்டில் மாட்டமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? ராஸ்பெரி பை 5 என்ற சின்னக் கணினியில் கடிகாரம் கூடவே வருகிறது. அதில் சார்ஜை அணைத்தேதான் தருகிறார்கள், வேண்டுமென்றால் நாம் இயக்கிக்கொள்ளலாம். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

புரோகிராமில் ஒன்று பார்த்துக்கொள். கடிகாரம் இடையில் நின்றிருந்தால் 3231 அதற்கு அடையாளமாக ஒரு பிட்டை (0 அல்லது 1 காட்டும் இடம்) 1 ஆக்கி வைக்கும். அப்படி இருந்தால் சிவப்பு விளக்கு எரியட்டும், பாட்டு வேண்டாம். சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளும் கோடைக்கால நேரமெல்லாம் எழுதாதே. நம் தீபகற்ப மலேசியாவில் 1982 புத்தாண்டில் அரைமணி முன்னே தள்ளியதோடு சரி. அப்பாக்கள் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இன்னும் கும்மிருட்டில் கிளம்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா?

பலகை கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. எதைக் கழற்றுவது என்று வட்டம் போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
மணியம்