கட்டடம் போதும், போதனாசிரியரின் சம்பளத்தைப் பாருங்கள்

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் ஊர்ச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களுக்கு,

வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கும் எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கு உங்களில் பலர் காசு அனுப்புகிறீர்கள். கணக்கறிக்கை கைக்கு வந்ததும் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: "அடுத்த நிலையத்தை எங்கே திறக்கிறீர்கள்?" கிளிநொச்சியா, மருதங்கேணியா என்றும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். இப்போதைக்கு எங்கேயும் வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். ஏனென்பதை ஒரு வெல்டிங் வகுப்பின் கணக்கை வைத்துச் சொல்கிறோம்.

3.2 மி.மீ. வெல்டிங் றொட் ஒன்று எரிந்து முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடச் செல்லும். நாளுக்கு 20 றொட் எரிக்கும் பிள்ளை உண்மையில் ஒட்டிப் பழகும் நேரம் அரை மணிக்கும் குறைவு. கை நடுங்காமல் நேர்கோட்டில் ஓட அவ்வளவாவது வேண்டும். 15 பிள்ளைகளுக்கு 300 றொட். 5 கிலோப் பெட்டியில் 170 அளவில் இருக்கும். ஆக, நாளுக்கு இரண்டு பெட்டிக்குக் கிட்ட. செய்முறை நாட்கள் 60 என்றால் நூறு பெட்டிக்கு மேல். ஒட்டிப் பழக இரும்பு, கிரைண்டர் டிஸ்க், தோல் கையுறை எல்லாம் இதற்கு வெளியே. காசு இறுகினால் முதலில் குறைவது றொட்தான். இருபது ஐந்தாகும், மிச்ச நேரம் பிள்ளைகள் வாங்கில் இருந்து மற்றவன் ஒட்டுவதைப் பார்ப்பார்கள். கடைசியில் சான்றிதழ் கிடைக்கும், ஒரு கேற் செய்யத் தெரியாது. பட்டறை முதலாளி அதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

நீங்கள் அன்பளித்த ஐந்து மெஷினும் இருக்கின்றன. ஆனால் கட்டடத்துக்கு வந்திருப்பது வீட்டுக்குக் கொடுக்கும் 30 அம்பியர் ஒருமுனை இணைப்பு. 120 அம்பியரில் ஒட்டும் ஒரு சின்ன இன்வேர்ட்டர் மெஷினே லைனில் இருந்து 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டைச் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். மும்முனை இணைப்புக்குக் கட்டவேண்டிய காசு திட்ட வரைவில் இராது, அன்பளித்தவர் பெயர் பொறிக்கும் கல்வெட்டுக்கு இருக்கும். மாரியில் உடைத்து வைத்த றொட் பெட்டிக்குள் ஈரம் பிடித்தால் ஒட்டில் சின்னச் சின்னத் துளை விழும். பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். காற்றுப் புகாத பெட்டியும் றொட் உலர்த்தும் அடுப்பும் பெரிய செலவில்லை, யாராவது எழுதிக் கேட்டால்.

ஆனாலும் ஆணிவேர் போதனாசிரியர்தான். ஒரு வருட நிதி என்றால் அவருக்கும் ஒரு வருட ஒப்பந்தம். பத்தாம் மாதத்திலேயே கட்டாருக்கு விண்ணப்பம் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சம்பளம் என்று நீங்கள் எழுதும் தொகைக்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் அமைப்பே கட்டவேண்டும். அந்த 15 வீதத்தை "நிர்வாகச் செலவு" என்று வெட்டாதீர்கள்.

அவர் போனால் வகுப்பு மட்டும் போவதில்லை. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு பாடநெறிக்குத் தரஅங்கீகாரம் கொடுக்கும்போது போதனாசிரியரின் தகைமையையும் பார்க்கிறது. அங்கீகாரம் இல்லையென்றால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதுதான் என்.வி.கியூ., அந்த வகுப்பின் வழியாகக் கிடையாது. ஏழு நிலைகளில் 3, 4 தான் எங்கள் பிள்ளைகளின் வாசல். அமைப்பே அச்சடித்துக் கொடுக்கும் வண்ணச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான். இந்த நிலையில் ஒரே ஆளை வாரத்தில் மூன்று நாள் கிளிநொச்சிக்கு, 65 கிலோமீற்றர், ஓடவிட்டால் இரண்டு இடமும் கெடும்.

வளர்வதற்கு வேறு வழி உண்டு. நாலு மணிக்குப் பிறகும் சனிக்கிழமையும் மெஷின்கள் சும்மா கிடக்கின்றன. ஊர்ப் பட்டறைகளில் ஐந்து, ஆறு வருடம் வேலை செய்தும் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாத பொடியள் நிறைய. செய்து காட்டும் திறனைக் கொண்டே என்.வி.கியூ. பெறும் 'முன்கற்றல் அங்கீகாரம்' அவர்களுக்கென்றே இருக்கிறது. வரைபடம் வாசித்தல், அளவு, பாதுகாப்பு, அவர்கள் விட்ட இடங்களை மட்டும் நிரப்பி மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். புதுக் கட்டடம் இல்லாமலே எண்ணிக்கை கூடும். அவர்களில் நல்ல கைகாரன் ஒருவனே உங்கள் இரண்டாவது போதனாசிரியன்.

பிள்ளைகள் விலகுவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில். கடலுக்குப் போனால், வெங்காயம் நடப் போனால் அன்றைக்கே கூலி. வகுப்புக்கு வந்தால் பஸ் காசும் நட்டம். ஆகவே பஸ் காசும் மதியச் சாப்பாடும் முதல் நாளிலிருந்தே கையில் இருக்கவேண்டும், மாத முடிவில் அல்ல. தீவகப் பிள்ளை கடைசி பஸ்ஸைப் பிடிக்கும்படி நேரம் வைக்கவேண்டும். அடையாள அட்டை இல்லாதவர்களைச் சேர்க்கும் அன்றே விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) அனுப்பவேண்டும். மதிப்பீட்டுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பிறப்புப் பதிவு தேடக்கூடாது. பதினாறு வயது ஆகாத பிள்ளை வந்தால் முதலில் பள்ளிக்கூடத்துக்கே திருப்பப் பாருங்கள் என்று அமைப்புகளிடம் சொல்லுங்கள். அந்த வயதுவரை படிப்பு கட்டாயம்.

நாங்கள் கேட்பது மூன்று வருட உறுதி: இரண்டு போதனாசிரியர்களின் முழுச் சம்பளம், றொட்டும் இரும்பும், மும்முனை இணைப்பு. பதிலுக்கு நீங்கள் கேட்கவேண்டியது, ஆணைக்குழுப் பதிவு இலக்கமும், தரஅங்கீகாரம் எந்தத் திகதிவரை என்பதும், பயிற்சி முடித்த ஒவ்வொருவரும் 3, 6, 12 ஆம் மாதங்களில் எங்கே வேலை செய்கிறார் என்ற பட்டியலும். பொடியளின் போன் நம்பர் மாறிக்கொண்டே இருக்கும். தாயின் நம்பரையும் பக்கத்துக் கடை நம்பரையும் சேர்த்து வாங்கி வைத்தால்தான் அந்தப் பட்டியல் நிற்கும். பிள்ளைகளின் முகத்தை மட்டும் முகநூலில் போடக் கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் விட்டவன் என்ற பெயர் ஊருக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
தொழிற்பயிற்சி நடத்துவோர்,
யாழ்ப்பாணம்